கை நனையாத விருந்து

கல்வராயன் மலை மேல் புதிதாக ஒரு ஒயினரி ரெஸ்டாரண்ட் திறந்திருக்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே டேபிள் புக் ஆகிவிட்டது என்று என் மகள் போனில் சொன்னாள். யார் புக் பண்ணினார்கள் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெங்களூரில் இருப்பவர்கள். வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

என் அக்கா எலவனாசூர்கோட்டையில் இருக்கிறாள். குடும்பத்தில் எந்தச் சம்பந்தமும் அவள் இல்லாமல் பேசப்படுவதில்லை. அவளிடம் விஷயத்தைச் சொன்னதும், "பொண்ணு குடுக்கற பேச்சுக்கு ஒயின் ஷாப்புக்கா இட்டுக்கினு போவப் போற?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஒயின் ஷாப் என்றால் ஒன்றுதான், அங்கே ஒயின் வாங்கிய ஒருவனையும் நான் பார்த்ததில்லை. இது அப்படி இல்லை, திராட்சைத் தோட்டம் போட்டு, பீப்பாயில் ஊற வைத்து, அந்த இடத்திலேயே மேசை போட்டுச் சாப்பாடும் போடுவார்கள் என்று விளக்கினேன்.

"ஊறல் போடற எடத்துலயே சோறா? இது அதுக்கு மேல இருக்குதேடா."

அந்த மலையின் பெயர் எதற்காகப் பேப்பரில் வரும் என்பதை எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் கள்ளச்சாராயச் சாவுகளை வைத்து நான் சிரிப்பு மூட்ட மாட்டேன். ஆனால் எல்லா மலையையும் விட்டுவிட்டு இந்த மலையில் ஏறி ஒயின் என்று போர்டு வைக்க ஒன்று தைரியம் ஜாஸ்தியாக இருக்க வேண்டும், இல்லை அறிவு கம்மியாக இருக்க வேண்டும். போய்ப் பார்த்ததில் இரண்டாவதுதான் என்று தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு உரக்கடை. கல்லாவில் உட்கார்ந்து நாவல் படிக்கிறவன். யூரியா கேட்டு வருகிறவர் நான் பக்கத்தை முடிக்கும் வரை மரியாதையாக நின்றுவிட்டு, எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இப்படிப்பட்ட வியாபாரிக்கு ஒரு மகள். சென்னையில் நல்ல வேலை, என்னைப் போல இல்லாத தெளிவு. மாப்பிள்ளை வீட்டுக்குப் பூர்வீகம் சின்னசேலம். ஊர்க் கண்ணில் படாமல் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக, பொங்கல் லீவில் இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே மலைக்குச் சுற்றுலா வருவது என்று ஏற்பாடு. கள்ளக்குறிச்சிக்காரன் கல்வராயன் மலைக்குச் சுற்றுலா போவது வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூடாரம் அடிப்பது மாதிரி. இருந்தாலும் முந்தின நாளே போய் ஒரு காட்டேஜில் தங்கி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டோம்.

இத்தனை ஜாக்கிரதைக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போன இடத்தில் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், கேசரியை வழித்து நக்கலாம். சோற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது. சேர்ந்து உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேண்டாம் என்றால் சோறு தின்று ஏமாற்றிய குடும்பம் என்று பேர் வரும்.

போன வருஷம் ஒரு வரன் வந்தது. பையன் வீட்டில் பேச்சு இழுத்துக்கொண்டே போக, கூட வந்திருந்த என் மச்சானுக்குப் பசி தாங்கவில்லை. கை கழுவப் போகிறேன் என்று பின்கட்டுக்குப் போனவர் திரும்பி வந்தபோது மீசையில் ரசம் இருந்தது. ரெண்டு கரண்டி சோறுதான் என்றார். என் மகளுக்கு அந்தப் பையனைப் பிடிக்கவில்லை. அவர்கள் அந்த மீசையைச் சாட்சி வைத்து ஊரைக் கூட்டிவிட்டார்கள். ரசம் குடித்த மச்சானை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "கை நனைச்சிட்டு வேணாம்னு சொன்ன பொண்ணு" என்று பேர் வாங்கியது என் மகள். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தப் பேர் அவளுக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

அதனால் இந்த முறை அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல வழி இருக்க வேண்டும். மச்சானை வீட்டிலேயே விட்டுவிட்டு, அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டோம். காட்டேஜ் வாசலில் நின்றுகொண்டு என்னிடம் அவள் சொன்னாள்: "எனக்குப் புடிச்சிருந்தா நான் சாப்பிடுவேம்பா. புடிக்கலன்னா சாப்பிட மாட்டேன். நீங்க அத மட்டும் பாத்துக்கோங்க. நடுவுல வந்து காதுல கேக்காதீங்க. அம்மாவையும் கேக்க வுடாதீங்க."

இதைவிடச் சுலபமான வேலை ஒரு தகப்பனுக்குக் கிடைக்குமா? மகள் சாப்பிடுகிறாளா இல்லையா என்று பார்த்தால் போதும். இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அந்த ஓட்டலைப் பார்க்கும் வரை எனக்கு ஒரு கவலையும் இல்லை.

மேசைகளுக்கு மேலே பந்தல். பந்தலில் ஏறியிருந்த திராட்சைக் கொடி நிஜம், தொங்கிய கொத்துகள் பிளாஸ்டிக். ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்தேன், குழந்தைகள் பொம்மை மாதிரிக் கீச் என்றது. இலைகளில் படிந்திருந்த சாம்பல் நோய் மட்டும் நயமான அசல். சுவரோரம் மரப் பீப்பாய்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். போகிற போக்கில் ஒன்றைத் தட்டினேன். என் மண்டையைத் தட்டினால் வருகிற அதே சத்தம்.

கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி டை கட்டி, கறுப்பு ஏப்ரன் போட்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். "லைசென்ஸுக்கு அப்ளை பண்ணியிருக்கோம் சார். வந்ததும் ஃபில் பண்ணிடுவோம்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் கிரேப் ஜூஸ் சார். பட் எக்ஸ்பீரியன்ஸ் சேம்."

இதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பையனின் அப்பா அகலமான மனிதர், சட்டைப் பையில் கூலிங் கிளாஸ் தொங்கியது. அம்மா கைப்பையை மடியில் இறுக்கி வைத்திருந்தார். பையன் ஒல்லியாக, உயரமாக இருந்தான். உட்கார்ந்ததும் துணி நாப்கினை எடுத்து மடியில் விரித்தான். அந்த ஒரு செய்கைக்காக அவனை அப்போதே நிராகரித்தேன். நானும் விரித்தேன் என்பது வேறு விஷயம்.

முதலில் டேஸ்டிங் என்றார்கள். ஆளுக்கு ஐந்து கிளாஸ். ஐந்திலும் திராட்சைச் சாறு, வெளிறியதிலிருந்து கறுப்பு வரை. டை கட்டியவர் மனப்பாடம் ஒப்பித்தார். முதல் கிளாஸில் மழை பெய்த மண்ணின் வாசம் வருமாம், மூன்றாவதில் தோல் செருப்பு வாசம் வருமாம். செருப்பு வாசம் வருகிற ஒன்றைக் காசு கொடுத்துக் குடிப்பது நாகரிகத்தின் எந்தப் படி என்று தெரியவில்லை.

பையனின் அப்பா கிளாஸின் காலைப் பிடித்துச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார். "நல்லா இருக்கு சார்," என்றார் என்னைப் பார்த்து. "ஒரு... வெயிட் தெரியுது."

ஆகா, இப்படிப்பட்ட ஆளா என்று நினைத்தேன். நாம் மட்டும் என்ன, புத்தகத்தில் படித்த ஞானம் இல்லையா? நானும் சுழற்றினேன். கொஞ்சம் சட்டையில் தெறித்தது. "கடைசில ஒரு துவர்ப்பு நிக்குது பாருங்க," என்றேன். பன்னீர் திராட்சையின் தோலைக் கடித்த எந்தக் குழந்தைக்கும் தெரிகிற துவர்ப்பு அது. அவர் பயபக்தியோடு தலையாட்டினார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த துவர்ப்புக்கு ஐந்து கிளாஸும் ஈடாகாது.

அக்கா ஒரே மூச்சில் மூன்று கிளாஸைக் காலி பண்ணிவிட்டு, "கல்யாணத்துல குடுப்பாங்களே கலரு, அது எவ்ளவோ மேல்," என்றாள்.

அப்புறம் தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றும் நெல் புடைக்கிற முறம் சைஸ். நடுவில் மரவள்ளிக் கிழங்குச் சீவல் மூன்று, அதன் மேல் பச்சையாக ஒரு சொட்டு. "திஸ் இஸ் டேப்பியோகா சார். ஹில்ஸோட லோக்கல் ரூட்," என்று டை கட்டியவர் மரவள்ளி விளையும் சின்னசேலத்துக்காரருக்கே மரவள்ளியை அறிமுகம் செய்து வைத்தார். கொல்லத் தெருவில் ஊசி விற்கிறவன்கூட ஊசி என்றால் என்ன என்று விளக்க மாட்டான்.

என் சங்கடம் இங்கே ஆரம்பித்தது. மகள் மேசையின் அந்தக் கோடியில் பையனுக்கு எதிரே இருந்தாள். அவள் தட்டில் இரண்டு சீவல் இருந்தது. ஒன்றைத் தின்றுவிட்டாளா, இல்லை அவளுக்கு வைத்ததே இரண்டா? இலைச் சாப்பாடு என்றால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம், குழம்பு ஓடியிருக்கும், அப்பளம் உடைந்திருக்கும். இந்தத் தட்டில் சாப்பிட்டதற்கும் சாப்பிடாததற்கும் கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது. நான் கழுத்தை நீட்டி முடிவுக்கு வருவதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்காவுக்கு வேறு வேலை. எது சாப்பாடு, எது பலகாரம் என்று ஒவ்வொரு தட்டுக்கும் என் காதில் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தாள். "கெழங்கு பலகாரம்டா, தின்னு." சூப் வந்தது. "தண்ணி. கணக்குல வராது." அப்புறம் மலைச் சாமை என்று ஒன்று, பால் ஊற்றிக் குழைத்து, கைப்பிடிக்கும் குறைவாக வந்தது. அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "டேய், சாமைன்னா சோறு. தொடாத."

"கரண்டில தின்னா கை நனைச்சதா ஆவுமாக்கா?"

அக்கா இதை யோசிக்க வேண்டியிருந்தது. அவள் காலத்துச் சட்டத்தில் கரண்டி கிடையாது. "காச்சக்காரன் கஞ்சி குடிக்கற மாதிரிதான் இருக்குது. ஆனாலும் வேணாம்."

நாங்கள் கரண்டியைக் கீழே வைத்தோம். நிமிர்ந்து பார்த்தால் எதிர்ப்பக்கத்திலும் கரண்டிகள் கீழே இருந்தன. பையனின் அம்மா எங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் அவர் தட்டைப் பார்த்தோம். அவர்கள் வீட்டிலும் ஒரு அக்கா இருக்கிறாள் போலும், போனில் சொல்லி அனுப்பியிருப்பாள். இரண்டு குடும்பம் பசியோடு எதிரெதிரே உட்கார்ந்து, சாமை ஆறுவதைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தோம்.

கோடியில் பையன் டை கட்டியவரைக் கூப்பிட்டான். "ஊறுகா இருக்குங்களா?"

"கிரேப் ரெலிஷ் இருக்கு சார்."

"ஊறுகா இல்லியா?"

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. சாப்பிட்டால் சரி, சாப்பிடாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் ஒப்பந்தம். அடுத்து அவர்கள் இருவரும் தோட்டத்தைப் பார்க்கிறோம் என்று எழுந்து போனார்கள். பிளாஸ்டிக் கொத்தை இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் தட்டையும் எடுத்தார்கள். சாமை இருந்ததா, போயிற்றா? நான் பாதி எழுந்து தட்டை எட்டிப் பார்த்தேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எனி பிராப்ளம் சார்?"

"இல்ல... அந்தத் தட்டுல மிச்சம்..."

"சாரி சார், இங்க பார்சல் கெடையாது."

பையனின் அப்பா மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கள்ளக்குறிச்சி உரக்கடைக்காரன் மகளின் மிச்சத்தைப் பார்சல் கேட்டான் என்பது அவர்கள் குடும்ப வரலாற்றில் ஏறிய கணம் அதுதான்.

அடுத்த தட்டு வரத் தாமதமானது. ஒரு ஆட்டை வளர்த்து அறுத்துக் கொண்டு வர ஆகிற நேரம் ஆனது. வந்ததும் ஆடுதான், எலும்பைச் சுற்றி மோதிரம் மாதிரிக் கொஞ்சம் கறி. அதற்குள் பையனின் அம்மா கைப்பையைத் திறந்து, மேசைக்கு அடியிலேயே ஒரு டப்பாவை அக்கா பக்கம் நீட்டினார். "முறுக்குங்க. வூட்ல சுட்டது." அக்கா ஒரு நிமிஷம் சட்டத்தைப் புரட்டினாள். பலகாரம். இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

முறுக்கு வயிற்றுக்குள் போன தெம்பில் டை கட்டியவரைப் பிடித்தாள். "ஏம்ப்பா, உனுக்கு எந்த ஊரு?"

"தியாகதுருகம்ங்க," என்றார். அவரிடமிருந்த இங்கிலீஷ் அந்த இடத்தோடு கழன்று விழுந்தது.

"நீ இதத்தான் துன்றியா?"

"ஐயோ, நாங்க பின்னாடி சாம்பார் சோறுங்க." குரலைத் தணித்தார். "மலை எறங்கனதும் ஒரு மெஸ் இருக்குதுங்க, தகரக் கொட்டாய். சாயங்காலம் வரைக்கும் சோறு இருக்கும்."

கிளம்பும்போது நினைவுப் பரிசு என்று குடும்பத்துக்கு ஒரு பாட்டில் திராட்சைச் சாறு கொடுத்தார்கள், மெழுகு முத்திரை வைத்து. விடைபெறும்போது இரண்டு பக்கமும் "ரொம்ப திருப்தி" என்று சொல்லிக்கொண்டோம். காரில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சாப்பிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். கேட்காமல் ஒரு மலையை இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். மனைவி கண்ணாலேயே என்னிடம் கேட்டாள், நான் உதட்டைப் பிதுக்கினேன். "ஒரு தட்டப் பாத்துச் சொல்லத் துப்பில்ல," என்று அவள் முனகியது எல்லோருக்கும் கேட்டது.

செக்போஸ்டில் நிறுத்தினார்கள். மலையிலிருந்து இறங்குகிற வண்டியில் பாட்டில் இருந்தால் விடுவார்களா? போலீஸ்காரர் முத்திரையை உடைத்து மோந்து பார்த்தார். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி நாக்கில் வைத்தார். மூடியைப் போட்டு, வருத்தத்தோடு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சார், இதக் குடிக்கறதுக்கா குடுத்தாங்க?"

டை கட்டியவர் சொன்ன தகரக் கொட்டாய்க்குப் போனால், வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் பெங்களூர் கார் நின்றது.

திரும்பிப் போய்விடலாம் என்றேன். அக்கா ஏற்கனவே இறங்கிவிட்டாள். உள்ளே பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அப்பா சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, கோழிக் குழம்பில் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், இலையும் கூடவே எழுந்தது.

"சும்மா... டீ குடிக்கலாம்னு வந்தோம்," என்றார்.

"நாங்களும் டீதான்," என்றேன். அக்கா அதற்குள் சோறு இருக்கிறதா என்று சமையல்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க ஆசையா புக் பண்ண எடம். உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் போலன்னுதான் நானும் கிளாஸச் சுத்திக்கினு இருந்தேன். எனக்கு இன்னா தெரியும்? சின்னசேலம் டேஷன்ல விக்கற டீக்கு மேல ஒண்ணும் தெரியாது."

"நானா புக் பண்ணேன்? நீங்க பண்ணீங்கன்னுதான நான் துவர்ப்பெல்லாம் சொன்னேன்!"

"மண்ணு வாசமாம், செருப்பு வாசமாம்!"

"கெழங்க நமக்கே காட்றான் பாருங்க!"

"ஆட்ட எங்க சார் வெச்சான், அத மொதல்ல சொல்லுங்க!"

இரண்டு பேரும் மூச்சு விடாமல் திட்டினோம். காலையிலிருந்து எனக்கு அவரிடம் பேச விஷயம் கிடைக்காமல் இருந்தது. இப்போது நிறுத்த முடியவில்லை. அவர் மனைவி நடுவில் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப யாருதான் புக் பண்ணது?"

மகள் வாசல் டிரம்மில் கை கழுவிக்கொண்டிருந்தாள். "நான்தான்," என்றாள்.

எல்லோரும் திரும்பினோம். அவள் கையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். "அங்க எத்தன தட்டு வந்தாலும் அத நம்ம அத்த சாப்பாடுன்னு ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். வேணாம்னு தோணிச்சின்னா போன தடவ மாதிரி யாரும் எதையும் சொல்லிக் காட்ட முடியாது. தட்டு வர்றதுக்கும் லேட் ஆவும், பேச டைம் கெடைக்கும்."

"அப்ப நீ அங்க சாப்ட்டியா இல்லியாடி?" என்றேன். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது.

"அங்க சாப்பாடு எங்கப்பா இருந்திச்சி?"

பையன் தன் இலையை ஓரமாக இழுத்துக்கொண்டு நகர்ந்தான். பெஞ்சில் ஒரு ஆள் உட்காரும் இடம் வந்தது. என் மகள் அதில் உட்கார்ந்தாள். இலை போட்டார்கள், சோறு வந்தது, குழம்பு வந்தது. அவன் ஊறுகாய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

அக்காவுக்கு நிலைமை புரிய ஒரு கணம் ஆனது. அவள் கறாரான ஆள்தான், ஆனாலும் போன வருஷத்துப் பேர் இன்னும் அவள் காதிலும் இருந்தது. குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "இரு கண்ணு. இது ஓட்டலு. வெளில தின்னா கணக்கு கெடையாது. அவசரப்பட்டு ஒண்ணும் நெனச்சிக்காத."

மகள் சோற்றைப் பிசைந்தாள். விரல் நனைய, உள்ளங்கை நனைய, நிதானமாகப் பிசைந்தாள். முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்து, மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"இது கணக்குதான் அத்த."

பையன் தன் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா என்னைப் பார்த்து, வாயில் சோற்றோடு, "சம்பந்தி," என்றார். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு இலை போடச் சொன்னாள்.

"சோறு இத்தோட சரிங்க," என்றார் சமையல்காரர். அக்காவுக்கும் மனைவிக்கும் பானையின் அடியைச் சுரண்டிப் போட்டார். எனக்கு இல்லை.

மகளின் சம்பந்தம் முடிவான அந்த மத்தியானம் இரண்டு குடும்பத்திலும் கை நனைக்காத ஒரே ஆள் நான்தான். காருக்குப் போய், போலீஸ்காரர் முத்திரை உடைத்த அந்தப் பாட்டிலை எடுத்து வந்தேன். டம்ளர் கேட்டு வாங்கி, ஊற்றி, பழக்க தோஷத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் குடித்தேன். இவ்வளவு சந்தோஷமான நேரத்திலும் அது நன்றாக இல்லை.